அம்மா சொன்ன ஓம்

உயர்தரப் பரீட்சையில் எனக்குப் பொறியியல் மயிரிழையில் தவறிப்போனது. "இன்னொருக்கா எடு, கட்டாயம் கிடைக்கும்" என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொன்னார். மல்லாவியில் வயல் செய்கிற மனிதருக்கு மகன் என்ஜினியர் என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்காதா? நான் கேட்கவில்லை. கல்வியியற் கல்லூரியில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடநெறிக்கு விண்ணப்பித்தேன். தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைப் பேசவைத்துக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் போனேன்.

உண்மையில் அவள் ஏற்கனவே பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவளும் அம்மாவும் தாங்களாகவே உண்டாக்கிய கைப்பேச்சு ஒன்று வீட்டில் இருந்தது. தோளைத் தட்டினால் அப்பா, அவர் மண்வெட்டி வைக்கிற தோள். மூக்கைச் சுருக்கிக் கையை விரித்தால் மீன் பழுது. சமைக்கும்போது குசினிக்குள் இரண்டு பேரும் ஊர்வம்பெல்லாம் கையாலேயே பேசிச் சிரிப்பார்கள்.

முதல் விடுமுறைக்கு வந்ததும் நான் அதைக் குழப்பினேன். படித்த திமிர், வேறென்ன. கல்லூரியில் பழகிய சைகை மொழியை அவளுக்குப் பழக்கினேன். பழையபடி காட்டினால் விரலைப் பிடித்துத் திருத்தினேன்.

"நீங்களும் உந்தப் பழைய கையைக் காட்டாதேங்கோ. அவளுக்குக் குழம்பும்" என்று அம்மாவை அதட்டினேன்.

"சரி தம்பி, நீ படிச்சவன்" என்றார் அம்மா. அவருக்கும் புதியதைச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

தங்கச்சி கெட்டிக்காரி. மூன்றாவது விடுமுறையில் என்னோடு ஓயாமல் கதைத்தாள். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து பார்ப்பார். அவள் எதைக் கேட்டாலும் விளங்கினதுபோல ஓம் என்று தலையாட்டுவார். நானும் அதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது நினைக்க என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது.

படிப்பு முடிய நாயாற்றுப் பக்கம் நியமனம் கிடைத்தது. அந்தப் பாடசாலையில் காது கேளாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. கணிதத்துக்கு ஆளில்லை என்று கணிதம் படிப்பிக்க விட்டார்கள். மாதத்தில் ஒருதடவைதான் வீட்டுக்குப் போவேன்.

போன வருடம் அப்பா வயலில் மயங்கி விழுந்தார். அசைவில்லாமல் கிடந்தவரை அயலவர்கள் தூக்கி வாகனத்தில் ஏற்றியதைத் தங்கச்சி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் நாயாற்றிலிருந்து நேரே வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்றாம் நாள்தான் அம்மா வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு எடுத்தார்.

"இவள் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை, ஒரே அழுகை. என்னெண்டு கேள் தம்பி."

தங்கச்சியின் முகம் வீங்கிப்போயிருந்தது. அப்பாவை எப்போது எரித்தீர்கள், என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று கைகளால் கேட்டாள்.

அப்பா செத்துவிட்டார் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

அம்மாவைக் காட்டினாள். செத்துவிட்டாரா என்று கேட்டாளாம், அம்மா ஓம் என்றாராம்.

அப்பா இருக்கிறார், தேறி வருகிறார் என்று திரும்பத் திரும்பக் காட்டினேன். அவள் நம்பவில்லை. ஆளைக் காட்டு என்றாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள். நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, அவள் அம்மாவிடம் திரும்பி அதே கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

அம்மா அவளுடைய விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்கிறாள் தம்பி? நான் தலையாட்டவோ, விடவோ?"