வெல்ல வியாபாரிக்குச் செய்த தலை

1. செருப்பு ஸ்டாண்டு

மியூசியம் திறந்தபிறகு நான் முதல்முறையாக அங்கே போன அன்று, என் மனைவியின் அண்ணன் முனிரத்தினம் பாதியிலேயே வெளியே வந்து செருப்பு ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டார். யார் கூப்பிட்டும் எழவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அவர் எழாததற்குக் காரணமான உருவத்தைச் செய்தவனும் நான்தான்.

பைபர் உருவங்கள் செய்வது என் தொழில். புத்தூரில் ஷெட் இருக்கிறது. கோயில் வளைவு, கல்யாண மண்டப வாசலுக்கு யானை, பூங்காவுக்கு டைனோசர், எது வந்தாலும் செய்வேன். திருப்பதியில் ஒரு டிரஸ்ட் நம் வட்டார வரலாற்றுக்கென்று மியூசியமும், அதை ஒட்டி ஒரு கலை மையமும் கட்டியபோது, ஆளுயர உருவங்கள் செய்யும் வேலை எனக்கு வந்தது. வாரச்சந்தை, ஏரி வெட்டுவது, பாளையக்காரர் தீர்ப்புச் சொல்வது என்று ஹாலுக்கு ஒரு காட்சி. டைரக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "சேகர், பொம்மைக்கடை மூஞ்சி எனக்கு வேண்டாம். நம்ம ஜனங்க மூஞ்சி வேணும்."

அதனால் உயிருள்ள ஆட்களின் முகத்தில் அச்சு எடுத்தேன். சந்தைக் காட்சிக்கு ஒரு வெல்ல வியாபாரி தேவைப்பட்டார். எனக்கு உடனே மச்சான் ஞாபகம்தான் வந்தது. நகரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் வைத்திருப்பவர். அகலமான நெற்றி, தொங்கு மீசை, சிரிக்காதபோதும் சிரிக்கிற மாதிரி வாய்.

"என் மூஞ்சியா? இதுல இன்னா கீது மாப்ள?" என்றார். ஆனால் அடுத்த நாளே சவரம் செய்துகொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

மீசையிலும் புருவத்திலும் வாஸ்லின் பூசி, மூக்கில் இரண்டு குழாய் வைத்து, முகம் முழுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு பூச வேண்டும். மாவு இறுகும்போது சூடேறும். சிலர் பயந்து கையை ஆட்டுவார்கள். மச்சான் அசையவே இல்லை. அச்சைப் பிரித்து எடுத்ததும் முகத்தைக் கழுவிவிட்டு, "நம்ம ஊர்ல இதுவரைக்கும் யார் மூஞ்சியும் மியூசியத்துல இல்ல, இல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

2. அடுத்த ஹால்

திறப்பு விழா சமயத்தில் நான் சித்தூரில் ஒரு கோயில் வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். உருவங்களை லாரியில் ஏற்றி அனுப்பியதோடு சரி. அதற்குள் மச்சான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். போதாததற்கு, புதிதாகக் கல்யாணமாகியிருந்த மகளின் மாமனார் வீட்டாரையும் சத்தியவேட்டிலிருந்து வரவழைத்துவிட்டார். மலைக்குப் போய் சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது மியூசியத்தையும் பார்ப்பதாகத் திட்டம்.

மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியையே மச்சான் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சந்தைக் காட்சி முன்னால் எல்லோரும் போய் நின்றோம். வெல்ல வியாபாரி தராசோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு நான் செய்தது. தலை வேறு. ஸ்பேராக அனுப்பியிருந்த, யார் சாயலும் இல்லாத ஒரு தலைக்கு முண்டாசு கட்டி வைத்திருந்தார்கள்.

"இது நான் இல்லியே மாப்ள" என்றார் மச்சான் மெதுவாக.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இரு மச்சான், கேக்கறேன்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த ஹாலிலிருந்து சம்பந்தியம்மா சந்தோஷமாகக் கூப்பிட்டார்: "அண்ணா, நீங்க இங்க கீறீங்க! வாங்க, வாங்க!"

போனோம். உயரமான நாற்காலியில் பாளையக்காரர். அவர் காலடியில், கை பின்னால் கட்டப்பட்டு, இடுப்பில் ஒரு கந்தையோடு மண்டியிட்டிருந்த மாட்டுத் திருடனுக்கு மச்சானின் தலை. அந்தச் சிரிக்கிற வாய், அங்கே உயிருக்குக் கெஞ்சுகிற வாயாக இருந்தது. பக்கத்தில் கைடு ஒரு கூட்டத்துக்குத் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தான்: "வீடு தொங்க." இவன்தான் திருடன். கூட்டம் திருடனைப் பார்த்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக, பட்டு வேட்டியில் நின்ற மச்சானைப் பார்த்தது. யாரோ போனை எடுத்து இருவரும் ஒன்றாக விழும்படி படம் பிடித்தார்கள்.

சம்பந்தி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே நீங்க எங்க ஊட்டுக்கு வந்தா மாட்ட உள்ள கட்டணும் போலகீதே."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மச்சானும் சிரித்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை, மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் பண்ணிகீற மாப்ள" என்றார். குரலில் கோபமே இல்லை. அப்புறம்தான் வெளியே போய் உட்கார்ந்தார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சம்பந்தி வீட்டாருக்கு டீ வாங்கிக் கொடுக்கும்போது கூட என்னால் தலை நிமிர முடியவில்லை.

3. டைரக்டர் அறை

டைரக்டரைப் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"லாரியில திருடன் தலை உடைஞ்சிடுச்சு சேகர். திறப்புக்கு டைம் இல்ல. நீ செய்யற தலை எல்லாத்துக்கும் ஒரே கழுத்து போல்ட்டுதானே? ஸ்பேர் தலையில உயிர் இல்ல, அதான் வெல்லக்காரன் தலைய இதுக்கு மாத்தினேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்."

"பண்ணேன், நீ எடுக்கல. அப்புறம் மறந்துட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நிஜம் சொல்றேன், இப்ப ஜனங்க அதிகம் நிக்கறது அந்தத் திருடன்கிட்டதான். சாலா பாவுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. அதை எடுக்கச் சொல்லாதே."

"அது என் மச்சான் சார்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது நல்ல வேலைப்பாடு. எனக்கு அது தினமும் டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் முன்னால் மண்டியிட்டிருக்கும் என் வீட்டு மனிதர். கடைசியில், வேறு தலை செய்து கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை இது இருக்கட்டும் என்றார்.

திருடனுக்கு முதலில் முகம் கொடுத்தவர் வேலை தேடி ஊரைவிட்டுப் போயிருந்தார், அந்த அச்சும் உடைந்துபோயிருந்தது. இனி யாரிடம் முகம் கேட்பது? ஷெட்டில் வேலை செய்பவர்களைக் கேட்டேன். டீக்கடைக்காரரைக் கேட்டேன். திருடனுக்கு என்றதும் எல்லோரும் சிரித்து நழுவினார்கள். ஒருவர், "நைனாவுக்குத் தெரிஞ்சா என்ன ஊட்டுக்குள்ள சேக்க மாட்டாரு" என்றார். மச்சானுக்குப் பதில் இன்னொரு மச்சானைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

4. மாவுக்குள்

என் முகத்தையே எடுப்பது என்று முடிவு செய்தேன். நம் முகத்துக்கு நாமே மாவு பூச முடியாது. என் மனைவி லட்சுமி பூசுகிறேன் என்றாள். ஒரு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நெற்றியிலிருந்து பூச ஆரம்பித்தாள். நான் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டேன். மாவு இறுகத் தொடங்கியதும் அவள் பேசினாள்.

"அண்ணன் டீக்கடைக்குப் போறதில்ல, தெரியுமா? அந்தப் படம் ஊர்ல எல்லார் போன்லயும் சுத்திக்கினு கீது. பஸ்ல ஒருத்தன், மாடு எங்க ஒளிச்சு வெச்சிகீறன்னு கேட்டானாம். பொண்ணு போன் பண்ணி அழுதுக்கினு கீறா. மாமியார் ஒண்ணும் சொல்லல, ஆனா சொந்தக்காரங்க வந்தா அந்தப் போட்டோவக் காட்றாங்களாம். இத்தனைக்கும் அண்ணன் உன்ன ஒரு வார்த்த சொன்னாரா? மாப்ள மேல தப்பு இல்லன்னுதான் சொல்லிக்கினு கீறாரு."

சூடு கன்னத்தில் ஏறியது. வாயைத் திறந்தால் அச்சு உடையும். மூக்குக் குழாய் வழியாக மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தேன். தப்பு என் மேல் இல்லை என்று அவர் சொல்வதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் சுட்டது. மச்சானிடம் நேரில் போக வெட்கப்பட்டு அந்த ஒரு வாரமும் நான் நகரிப் பக்கமே தலைகாட்டவில்லை.

மாவைப் பிரித்ததும் முகத்தைக் கூடக் கழுவாமல் அவருக்குப் போன் செய்தேன். என்னென்னவோ சொன்னேன். "வுடு மாப்ள" என்று வைத்துவிட்டார்.

5. மாற்றிய பிறகு

இப்போது பாளையக்காரர் காலடியில் மண்டியிட்டிருப்பது நான். மச்சானின் தலை வெல்லத் தராசுக்குப் போய்விட்டது. வந்து பார்க்கும்படி இருமுறை கூப்பிட்டேன், வரவில்லை. ஊரில் சுற்றிய படத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது.

பல மாதம் கழித்து கைடு சொன்னான்: பெரிய மீசைக்காரர் ஒருவர் தனியாக வந்தாராம். சந்தைக் காட்சியைக் கடந்து நேராகத் திருடன் முன்னால் போய் நின்றாராம். ரொம்ப நேரம் கழித்து, "இந்தாளு என் தங்கச்சி ஊட்டுக்காரன். திருடன் இல்ல" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். முகம் கேட்கும்போது, அது எந்த உடம்பில் உட்காரப்போகிறது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். லாரி ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உருவத்தை வைக்கும்போது கூடவே நில்லுங்கள், எந்தக் கோயில் வேலை இருந்தாலும் சரி.

பெயிண்ட் டச்சப்புக்காக அந்த ஹாலுக்கு அவ்வப்போது போகிறேன். ஜனங்கள் உருவத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும்போது உடம்பு கூசும். பிரஷைக் கீழே வைக்காமல் வேலையைச் செய்வேன்.