நூவாவின் மகள் வந்த ஞாயிறு

சுனாமிக்கு ஏழெட்டு வருடம் கழித்து, ஆரல்வாய்மொழியில் காற்றாலை நிறுவும் ஒரு கம்பெனியின் சைட் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. சீனாவிலிருந்து வந்திருந்த பெண் இன்ஜினியர் ஆங்கிலத்தில் சொல்வதை வேலையாட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

காற்று பலமாக அடித்தால் இறக்கையைத் தூக்க முடியாது. கிரேன் சும்மா நிற்கும். அப்படிக் காத்திருந்த ஒரு மத்தியானம், அவள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து மண்ணைக் குழைத்து ஒரு பொம்மை பிடித்தாள்.

"எங்களை இப்படித்தான் செய்தாள், நூவா."

நூவா அவர்களுடைய ஆதித்தாய். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் உலகத்தில் தனியாகத் திரிந்தவள். மஞ்சள் மண்ணில் தன் சாயலாக மனிதர்களைப் பிடித்தாள். கை சோர்ந்ததும் ஒரு கயிற்றைச் சேற்றில் முக்கி உதறினாள். தெறித்த சொட்டுகளும் மனிதர்களாயின. கையால் பிடித்தவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள், சொட்டுகள் மற்றவர்கள்.

"நாங்கள் கயிற்றிலிருந்து விழுந்தவர்கள்" என்று சிரித்தாள். மஞ்சள் பேரரசர் என்று ஒருவரைப் பற்றியும் சொன்னாள். சீனர்கள் எல்லோரும் தங்களை அவருடைய பேரப்பிள்ளைகள் என்பார்களாம்.

பிறகு ஒருநாள் வானம் உடைந்து பூமியை வெள்ளம் மூடிய கதைக்கு வந்தாள். நூவா ஐந்து நிறக் கற்களை உருக்கி வானத்தை ஒட்டவைத்தாள். வெள்ளம் வடிந்தது.

"வெள்ளம் கொண்டுபோனவர்கள் திரும்பி வந்தார்களா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "கதையில் அது இல்லை. யாரைக் கேட்கிறாய்?"

ஆபீசில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். சுனாமி வந்த அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, குளச்சலில் சித்தி வீட்டில் இருந்தாள் அம்மா. உடல்கூடக் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் மண் ஒட்டிய கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரலில் அவர்களுக்கு முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள் வந்தது. அவளுடைய அம்மாவின் கல்லறை எங்கோ வடக்கே ஒரு மலையடிவாரத்தில். லீவு கிடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடியப்பட்டணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

கடற்கரை மணலில் ஒரு துணியை விரித்து மூன்று ஆரஞ்சுப் பழங்களை வைத்தாள். வடக்கே திரும்பி மூன்று முறை குனிந்து வணங்கினாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள என்ன செய்யுதா?"

"அவளுக்க அம்மைக்கு, அப்பா. செத்தவங்களுக்கு வைக்கது."

"கல்லறை இங்கயா இருக்கு?"

"இல்ல. தூரத்துல. இங்க இருந்தே கும்பிடுதா."

அம்மா போனதிலிருந்து அவளைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தியோடு கிளம்பும்போது, அவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடப்பார். இப்போது எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தன.

"ஒனக்க அம்மைக்கு ஆரஞ்சு பிடிக்காது. மட்டிப்பழமாக்கும் பிடிக்கும்" என்றார்.

காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. அவள் தன் தொப்பியைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தாள். சுடர் நின்றதும் அப்பா கடலைப் பார்த்து அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சோறு ஆறுகிறது என்று கூப்பிடுவதுபோல. நான் அழுதேன். அவளும் அழுதாள்.

மழைக்காலத்துக்கு முன் அவள் ஊருக்குப் போனாள். இரண்டு வருடம் மெயில் வந்தது. பிறகு நான் அனுப்பியவையும் போய்ச் சேராமல் திரும்பின. எத்தனையோ வழிகளில் தேடிப் பார்த்தேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும் என்று இருக்கும்.

"அந்தப் பிள்ளைக்க வெவரம் வல்லதும் உண்டா மக்களே?" என்று அப்பா இன்னும் கேட்கிறார்.

"இல்ல அப்பா" என்கிறேன்.