சத்தம் இல்லாத அனிமே

ஒரகடம் போகும் எங்கள் ஜப்பான் கம்பெனி பஸ்ஸில் அவர் எப்போதும் ஜன்னலோரம். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். எந்த ஜப்பான் அனிமே கார்ட்டூன் எந்த ஆப்பில் கிடைக்கும் என்று எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். அவரோ சத்தத்தை நிறுத்திவிட்டு, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படித்தபடி பார்ப்பார்.

இயர்போன் கெட்டுவிட்டதோ என்று ஒருநாள் என்னுடையதை நீட்டினேன். “ஜப்பான் குரல்ல கேட்டாத்தாண்ணே கெத்து.”

“வேணாம்பா. காலைல லைன்ல ஏத்துறதுக்கு முன்னாடி ‘இச்சி, நீ, சான்’னு எண்ணிகினு கையக் கால ஆட்ட வுடுறானுங்க. செவுரு பூரா அவன் வார்த்தைதான். அந்த பாஷை காதுல வுழுந்தாலே முதுகு வலிக்குது.”

“அப்ப எதுக்குண்ணே இதையே பாக்கிய?”

“கத நல்லா கீதே,” என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நான் வேலைக்குப் புதிது, சிரித்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து அவர் போய்ப் பல மாதமாகிறது. இப்போது எந்த பஸ்ஸில் சாய்ந்திருக்கிறாரோ. நேற்று ஷிஃப்ட் முடிந்து அறையில் படுத்தபடி ஒரு தொடர் பார்த்தேன். கதாநாயகன் தண்டால் எடுத்தபடி ‘இச்சி, நீ’ என்று எண்ண ஆரம்பித்தான். ‘சான்’ வருவதற்குள் என் விரல் சத்தத்தை நிறுத்தியிருந்தது.