தண்ணிப் பாதை, தார்ப் பாதை

காலையில் மகள், கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம். அந்த வறுத்த சோள மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், கிணற்றடிக்குப் போனேன்.

"அப்பா, பிள்ளை பெறப் போறது நான். நீங்க என்னத்துக்கு இடுப்பைப் பிடிச்சிக்கிட்டுத் திரியிறீங்க?"

பிடித்திருந்தது உண்மைதான். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அது பாதையின் மணம். பாதை என்றால் நீங்கள் தெருவை நினைப்பீர்கள். எங்கள் வாவிக்கரையில் அது வேறு. இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, பக்கத்தில் எஞ்சின் தோணியைக் கட்டி, ஆட்களையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் அக்கரை சேர்க்கிற பெரிய தெப்பத்துக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதனால் இளவயதிலேயே அதில் கயிறு கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன்.

கிளினிக் நாட்களில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வயிற்றுப்பிள்ளைக்காரிகள் குடையும் பையுமாக வந்து ஏறுவார்கள். திரும்பும்போது பைகளில் திரிபோஷா இருக்கும். வெயில் பட்டுப் பாதை முழுக்க மணக்கும். நான் கூச்சக்காரன், முகங்களை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். கால்களைத்தான் பார்ப்பேன். காலையும் செருப்பையும் வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன். இதைக் கண்டுபிடித்த பிறகு பெண்கள் சும்மா விடுவார்களா? "இவனுக்குப் பொம்பிள பார்க்கப் போனா முகத்தைக் காட்டத் தேவையில்லகா, செருப்பைக் காட்டினாப் போதும்" என்று ஒருத்தி சொல்ல, பாதையே குலுங்கும். யாராவது வலியோடு அக்கரை போனால், அடுத்த முறை பாதை திரும்பி வரும்போது செய்தியும் கூடவே வரும். "அழுதிட்டுதாம்" என்பார்கள். பிள்ளை உயிரோடு பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கால்களில் ஒரு சோடி என் அக்காவுடையது. மாதம் ஏற ஏற வீங்கி, செருப்பு நுழையாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். படுவான்கரையில் பழுகாமப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். சண்டைக் காலத்தில், துறை மூடிக் கிடந்தபோது, அவளுடைய முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்தது. அழவில்லை. அழாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு யாருடைய பிள்ளை அழுதாலும் அக்கா கைவேலையை விட்டுவிட்டு நின்று கேட்பாள்.

இரண்டாவது வயிற்றில் இருந்தபோது அவர்களுடைய ஊருக்குப் புதிதாக ஒரு குடும்பநல மாது, அதாவது மருத்துவிச்சி, வந்தார். எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மலைநாட்டுப் பிள்ளை. தண்ணீரைக் கண்டால் பயம். நெடுந்தூரம் சுற்றித் தரைவழியாக பஸ்ஸில்தான் வந்துபோவார், பாதையில் ஒருநாளும் ஏறியதில்லை. அக்காவின் வீக்கத்தையும் பிரஷரையும் பார்த்து அவருக்குக் கவலை. "இந்தத் தடவ வீட்டுல வச்சுக்கக் கூடாதுங்க. வலி வந்த உடனே போன் பண்ணிட்டுப் பாதைக்கு வந்துருங்க. நான் வண்டியோட நிப்பேன்" என்று அக்காவின் புருஷனான மச்சானிடம் சொல்லியிருக்கிறார். மச்சானும் தலையாட்டியிருக்கிறார். இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியிருந்தது. அதுதான் பிழை.

வலி வந்த அன்று பின்நேரம் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி, பாதையைப் படுவான்கரைத் துறையில் கட்டிப்போட்டிருந்தோம். மச்சானின் லான்ட்மாஸ்டர் உழவுமெஷின் துடித்துக்கொண்டு வந்து நின்றது. பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் வைக்கோல், வைக்கோலில் பாய், பாயில் அக்கா. மச்சான் சுற்றிப் பார்த்தார். மிஸ்ஸையும் காணவில்லை, வண்டியையும் காணவில்லை. போனை எடுத்தார்.

"மிஸ், நாங்க பாதையில நிக்கிறம்!"

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "நானும் பாதையிலதாங்க நிக்கிறேன். உங்களக் காணலியே!"

"இவடத்த உங்களைக் காணல்ல மிஸ்!"

"ஐயோ, நான் நடுப்பாதையிலயே நிக்கிறேங்க!"

மச்சான் வாவியின் நடுவைப் பார்த்தார். அங்கே அலைதான் இருந்தது.

அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்து எழும்பினாள். "தம்பி, அவருக்கிட்ட இருந்து போனை வாங்கு. மிஸ்ஸிட காலுக்குக் கீழ தண்ணியா, தாரா எண்டு கேளுடா!"

அதுவரை ஒரு பெண்ணிடமும் போனில் பேசாத நான், எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான்.

"தாருதான். ஏங்க?" "இங்க தண்ணி மிஸ்" என்றேன். பிறகு ஒரு "ஐயையோ", அதற்குப் பின்னால் வண்டிக் கதவு அடிபடும் சத்தம்.

வண்டி வந்தது. அந்தக் கரையிலேயே அப்போது புதிதாகத் திறந்திருந்த ஆசுபத்திரிக்குப் போனோம். பிள்ளை பிறந்துவிட்டது என்று உள்ளே சொன்னது வெளியில் நின்ற எங்களுக்குக் கேட்டது, ஆனால் பிள்ளையின் சத்தம் இல்லை. மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வழக்கம்போல நிலத்தைப் பார்த்தேன். திரைச்சீலைக்குக் கீழே மிஸ்ஸின் கால்கள் அங்கும் இங்கும் ஓடின. பிறகு ஒரே இடத்தில் அசையாமல் நின்றன. அந்த நிற்பை நினைத்தால் இன்றைக்கும் நான் ஓரிடத்தில் நிற்கமாட்டேன். கடைசியில் பூனைக்குட்டிபோல ஒரு சத்தம். அப்புறம் ஆசுபத்திரியே கேட்கிற சத்தம். யாரோ பிள்ளையின் அழுகையை அமத்தப் பார்க்க, "விடுங்க, அழட்டும்" என்று அக்கா சொன்னது வெளியே கேட்டது.

பெண் பிள்ளை. பிறப்புப் பதிவில் என்ன பெயர் இருந்தாலும் வீட்டில் அவள் பாதைக்காரி. மிஸ் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், "தண்ணிப் பாதையா, தார்ப் பாதையா?" என்று கேட்காமல் ஒரு சொல் சொல்லமாட்டார். இடமாற்றம் கிடைத்துப் போனபோது துறையில் வந்து நின்று, பயந்து பயந்து பாதையில் ஏறித்தான் போனார்.

இப்போது பாலம் வந்துவிட்டது. பாதையைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். துருப்பிடித்துக் கிடந்தது. பிறகு பழைய இரும்புக்காரர் வெட்டி ஏற்றிப் போனார். போன கிழமை பாதைக்காரியே போனில், "பாதையில ஒரே வாகனம், சுணங்கிப் போச்சு மாமா" என்றாள். அவளுக்கும் அது தார்தான். நல்லதுதான். காற்று அடங்கும் வரை ஒரு பெண் வலியோடு காத்திருந்த காலம் திரும்பி வர வேண்டாம்.

ஆனால் ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் எழுந்துவிடுகிறேன். உள்ளே எந்த வயிற்றுப்பிள்ளைக்காரியின் கால்கள் என்று தெரியாது. இப்போதும் ஒன்று போகிறது. மகள் பிசைந்த மாவை ஒரு கை என்னிடம் நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டு கேற்றடியிலேயே நிற்கிறேன். சத்தம் டவுன் பக்கம் தேய்ந்து போகிறது. அந்தப் பிள்ளை அழுததா என்று சொல்ல, பாதை திரும்பி வருவதில்லை.