கடைசி வயலுக்கு முதல் நிரல்

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு ஸ்கந்தபுரத்து வீட்டிலிருந்தே அட்டவணைகள் செய்து கொடுப்பவள் சிவலட்சுமி. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவளுடையது. அதில் கம்பஸ் முடித்த முதல் ஆள் அவள்தான். அந்தப் பெருமையை அவள் மறைப்பதில்லை. ஏன் மறைக்க வேண்டும்?

மழை குறைந்த இந்தச் சிறுபோகத்தில் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு தண்ணீர் முறையை அவளிடம் ஒப்படைத்தது. ஒரு வாய்க்கால், நாற்பத்தொரு வயல். ஒருவர் பாய்ச்சி முடித்தால்தான் அடுத்தவருக்கு. அமைப்பின் படிவத்தில் பக்கவாட்டில் இருந்த ஒன்பது நிரல்களையும், அதாவது ஒன்பது கொலம்களையும், அதே ஒழுங்கில் எல்லோருடைய போனுக்கும் அனுப்பினாள். சின்னத் திரையில் தெரிந்தவை அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் பெயரும்தான். மிச்சத்தை யார் விரலால் தள்ளிப் பார்த்தார்கள்? வாய்க்கால் முடிவில் இருக்கும் கடைசி வயல்காரி விமலேஸ்வரி தன் முறையைத் தவறவிட்டாள். நெல் கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. இன்னொரு முறை தவறினால் இரண்டு ஏக்கரும் பதர்தான்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது பிள்ளை," என்றார் அமைப்பின் தலைவர் அப்புத்துரை. "வாற செவ்வாயும் பிழைச்சா, பழையபடி கடதாசியில எழுதி ஒட்டுவம்."

சிவலட்சுமிக்குச் சுருக்கென்றது. அன்றே நாள், நேர நிரல்களை முன்னுக்குக் கொண்டுவந்தாள். அட்டவணைகளுக்கு அவள் கணினியில் பாவிக்கும் மென்பொருள் லைப்ரரியில் அது ஒரு வரிக் கட்டளை. உள்ளே இருக்கும் தரவு அசையாது, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு மட்டும் மாறும். செய்ததைக் காட்டச் சைக்கிளில் விமலேஸ்வரியின் வயலுக்கே போனாள்.

விமலேஸ்வரி பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேரம் ஆருக்கு வேணும்? ஒராள் பிந்தினா எல்லாருக்கும் பிந்தும். எனக்கு முன்னால ஆர் பாய்ச்சினமெண்டு தெரிஞ்சாக் காணும். அவையின்ர வரம்பில போய் நிண்டு தண்ணியை வாங்கிப்போடுவன்."

"அது உங்களுக்குத் தெரியாதே அக்கா?"

"ஒவ்வொரு தண்ணிக்கும் சீட்டுக் குலுக்கித்தானே ஒழுங்கு போடினம். எப்பிடித் தெரியும்?"

முன்னால் பாய்ச்சி முடித்து முறை தருபவரின் பெயர் எட்டாவது நிரலில் கிடந்தது. ஒருவருக்கும் தேவைப்படாது என்று சிவலட்சுமியே நினைத்திருந்த நிரல். கமக்காரன் மகளாயிருந்தும் வயலைக் கேட்காமல் படிவத்தைக் கேட்டோமே என்று தன் மீதே கோபம் வந்தது. வீட்டுக்கு ஓடி அந்த ஒரு வரிக் கட்டளையைத் திருத்தினாள். முறை தருபவர் முதலில், வயல்காரரின் பெயர் அடுத்து, நாள் அதற்கடுத்து. அடையாள அட்டை இலக்கம் கடைசிக்குப் போனது. அது அங்கேயே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை விமலேஸ்வரியின் போனில் அவளுடைய பெயருக்கு முன்னால் தெரிந்த பெயர் கிருபன். விடியவே அவனுடைய வரம்பில் போய் நின்றாள். அவன் மூன்று மணித்தியாலம் பிந்தினான், அவளும் அசையவில்லை. பத்து மணிக்கு அவன் மடையைத் திறந்துவிட, தண்ணீர் அவளுடைய வயலுக்குள் இறங்கியது.

செய்தி கேட்டு சிவலட்சுமி வந்தபோது அப்புத்துரை முழங்கால் சேற்றோடு வரம்பில் நின்றார். பக்கத்து வாய்க்கால்காரர் நாலு பேர் அவருடைய போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கும் இப்பிடி ஒண்டு வேணும். ஆர் செய்தது?" என்று கேட்டார் ஒருவர்.

அப்புத்துரை வாய் திறக்குமுன்னே அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் செய்தனான்," என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "ஆனா முதல்ல உங்கட வயலுகளைக் காட்டுங்கோ."