நெட்டையைத் தேடி வந்த ஜீப்

முதலில் நின்றுபோனது பாட்டுச் சத்தம்தான்.

எங்கள் தோட்டத்தின் கடைசி லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வடக்கத்தி ஆட்கள் குடியிருந்தார்கள். இந்தப் பக்கம் லயத்தைப் பாடி என்பார்கள். நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள், எங்கள் வாயில் இன்னும் லயம்தான். வேலை முடிந்து முகம் கழுவியதும் அவர்கள் போனில் பாட்டுப் போடுவார்கள். என்ன மொழியென்று எனக்குத் தெரியாது. ஆனால் எது கல்யாணப் பாட்டு, எது ஊரை நினைத்து அழுகிற பாட்டு என்று தெரியும், அதற்கு மொழி எதற்கு? அந்த மாதம் கொஞ்ச நாளாகப் பாட்டு இல்லை. மிஸ்ட் இறங்கினால் லயமே காலி என்று நினைக்கிற மாதிரி இருந்தது. விளக்கையும் சீக்கிரம் அணைத்துவிடுவார்கள்.

எங்களுடையது பந்தலூருக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். நான் அங்கே புள்ளக் காம்பரா பார்க்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விடுவார்கள், சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதைத் தாண்டவில்லை நான். ஆனால் மனுஷர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் ஆட்கள் பேசும்போது நடுவில் ஒரு சொல் வந்து விழும், அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் சொல்லிப் பார்ப்பேன்.

அந்த வடக்கத்தி ஆட்களில் ஒரு குடும்பம் எனக்கு நெருக்கம். புருஷன், பெண்டாட்டி, ஒரு சின்னப் பையன். பையனுக்கு அப்போதுதான் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. அஸ்ஸாம் என்று சொன்னார்கள். கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆட்கள். அவன் கொழுந்து வெட்டுகிற மிஷின் பிடிப்பான், நல்ல உயரம், லயத்து வாசலில் குனியாமல் நுழைய முடியாது. அதனால் வந்த மறுநாளே எங்கள் ஆட்கள் அவனுக்கு நெட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் ஆள் பிரிக்கும்போது கணக்குப்பிள்ளையே, "நெட்டை, பதிமூணாம் நம்பர் மலை" என்றுதான் சொல்வார். அவனும் சிரித்துக்கொண்டே போவான். எங்களிடம் இது ஒரு வழக்கம். புதிதாக வருகிறவனுக்கு ஒரு பேர் வைத்துவிட்டால் அவன் எங்கள் ஆள் என்று அர்த்தம். எனக்கும் ஒன்று உண்டு, அதை இங்கே சொல்ல மாட்டேன்.

பாட்டு நின்றதற்குக் காரணம் இருந்தது. கீழ்த் தோட்டத்தில் ஒரு வேன் வந்து சில பேரை ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். பங்களாதேஷ்காரர்கள் அஸ்ஸாம் கார்டு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், விசாரிக்கிறார்கள் என்று பேச்சு. போனவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள் என்றார்கள். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு யாரோ ஒரு ஆள் மேலே ரோட்டில் பைக்கை நிறுத்தி எங்கள் லயங்களைப் போட்டோ எடுத்துவிட்டுப் போனான். யாரென்று கேட்கப் போவதற்குள் போய்விட்டான்.

டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது. கடை வைத்திருப்பவர் ஒரு பாய். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குக் கடன் சொல்லிக் குடிக்கிற கடை. எதிர்ப்பக்கம் எப்போதும் என் தம்பி. என்னைவிட ஐந்து வயது இளையவன், ஃபேக்டரியில் வேலை, யூனியனிலும் இருக்கிறான்.

"ஒரு ஊடுன்னா கதவு இருக்கணும் பாய். கதவு இல்லாட்டி அது ஊடு இல்ல, சந்தை."

"கதவு இருக்கட்டும் தம்பி, நான் வேணாங்கலையே. கதவுல நிக்கிறவன் என்ன கேட்டு உள்ள விடுறான், அதச் சொல்லு."

"சீட்டு இருக்கான்னு கேட்கணும். இல்லாட்டி வந்த வழிக்கு அனுப்பணும்."

"சரி, வந்த வழி எதுன்னு யாரு சொல்றது? நீயா நானா?"

தம்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். அவனை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். அவன் மகனுக்கு இங்கே பேர் பதிய, அதாவது நிரந்தர வேலைக்கு எடுக்க, இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் போன கொஞ்ச நாளில் கான்ட்ராக்டில் ஒரு லாரி ஆள் வந்து இறங்கியது. அந்த லாரியை என் தம்பி பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் கூட்டம் போட்டார்கள். கான்ட்ராக்ட் குடும்பங்கள் லயத்தில் இருக்கலாமா, கூடாதா என்று பேசி முடிவை துரையிடம், அதாவது மேனேஜரிடம், சொல்வதாக ஏற்பாடு. நெட்டையின் பெண்டாட்டி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவளுக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரியும். மீதியை முகங்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தம்பிதான் முதலில் பேசினான். "எனக்கு யார் மேலயும் கோவமில்ல. ஆனா யாரு அஸ்ஸாம், யாரு எல்லைக்கு அந்தப் பக்கம், நமக்குத் தெரியாது. நாளைக்கு இங்க வேன் வந்தா, அவனோட சேர்த்து நம்மையும்தான் கேப்பாங்க. கொறஞ்ச கூலிக்கு ஆள் கெடைக்கிற வரைக்கும் கம்பெனி நம்ம பசங்களுக்குப் பேர் பதியாது. இது ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டு எதுவேணா பேசுங்க."

"உன் மவனை நாளைக்கு வரச் சொல்லு, நான் வேலை தாரேன்" என்றார் கணக்குப்பிள்ளை. "மழையில அட்டை கடிக்க மிஷின் பிடிப்பானா?"

"பிடிக்க மாட்டான். அது வேற கதை."

எல்லாரும் சிரித்தார்கள், தம்பியும் சிரித்தான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு அம்மா, "சிலோன்ல நம்மளக் கள்ளத்தோணின்னானுங்க. மறந்துருச்சா?" என்றாள்.

"மறக்கல. நாம கப்பல்ல வந்தோம்கா. ரெண்டு கவருமெண்டும் பேசிக் கையெழுத்துப் போட்டு, சீட்டோட வந்தோம். இருட்டுல ஆத்தத் தாண்டி வரல. ரெண்டையும் ஒரே கயித்துல கட்டாதீங்க" என்றான் தம்பி.

"வந்தது சீட்டோட. நம்ம தாத்தன் இங்கயிருந்து போனப்போ யாரு சீட்டுக் குடுத்தா?"

"அப்ப வெள்ளக்காரன் கூப்பிட்டான், போனாங்க."

"இவனையும் கான்ட்ராக்டர் கூப்பிட்டான், வந்தான்."

எனக்கு இரண்டு பக்கமும் தலை ஆடிக்கொண்டிருந்தது. தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஒரு நாடு என்றால் யார் வருகிறார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். கேட்கட்டும். ஆனால் கேட்டவர் பதில் வருகிறவரைக்கும் நிற்கவும் வேண்டும் இல்லையா? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை தூக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரித்து முடிகிறவரை கான்ட்ராக்ட் குடும்பங்கள் லயத்தில் இருக்க வேண்டாம், ஃபேக்டரி ஷெட்டுக்குப் போகட்டும் என்று முடிவானது. ரொம்பப் பேர் கை தூக்கவில்லை. தூக்காதவர்கள் எதிர்த்தும் பேசவில்லை.

திரும்பி வரும்போது அவள் என் கூடவே நடந்தாள். "அக்கா, நாங்க போகணுமா?"

"ஷெட்டுக்குத்தான்மா. பக்கத்துலதான்."

"அப்புறம்?"

நான் பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

ஷெட்டுக்குப் போகிற வரைக்கும் கூடப் பொறுக்கவில்லை. அந்த வாரமே ஜீப் வந்தது. யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை தெரியாது. எல்லாரும் என் தம்பியைத்தான் பார்த்தார்கள், அவன் சாமி மேல் சத்தியம் செய்தான்.

ஜீப் முதலில் டீக்கடையில் நின்றது. இறங்கிய ஆபீசர் மரியாதையான ஆள் என்றுதான் பாய் சொன்னார். கான்ட்ராக்டரிடம் வாங்கிய ஒரு பேரைச் சொல்லி, இந்த ஆள் எங்கே என்று கேட்டிருக்கிறார். பாய் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்பிடி யாரும் இங்க இல்லீங்க சார்" என்றிருக்கிறார். ஷிஃப்டுக்குப் போக நின்ற என் தம்பியும், "நான் சின்னதுல இருந்து இங்கதான் சார், அந்தப் பேர்ல ஆளே கிடையாது" என்றிருக்கிறான். பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளையும் அதையே சொன்னார், கான்ட்ராக்ட் ஆட்களின் பேர் அவர் கணக்கில் கிடையாது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அவன் எங்களுக்கு நெட்டை. அவனுக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார்கள். பையனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகாமல் காம்பராவில்தான் இருந்தாள்.

"ஏம்மா, வடக்கத்திப் பொண்ணா? வீட்டுக்காரர் பேர் என்ன?"

அவள் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். பேசவில்லை.

"பேர் கேக்குறேன்மா. புரியுதா?" அவர் இந்தியிலும் கேட்டார். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. மண்டபம் முகாமில் என் அம்மா நின்ற நிலை அது. கப்பல் விட்டு இறங்கி வந்து, அப்பா வேறு வரிசையில் நிற்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மாவிடம், "புருஷன் பேரு?" என்று கேட்கிறார். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று வளர்ந்த பொம்பளை. வாயைத் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டு, குரல் உயர்ந்து, கடைசியில் அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் சொன்னேன். எனக்கு அப்போது சொல்லத் தெரிந்த வயசு.

"சார், இவங்க வழக்கத்துல புருஷன் பேரச் சொல்ல மாட்டாங்க சார். மறைக்கல."

"நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது சார். நாங்க நெட்டைன்னுதான் கூப்பிடுவோம்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு தோட்டமே ஒரு ஆளை மறைக்கிறது என்று முடிவுசெய்து, சத்தம் போடாமல் வைத்துக்கொள்கிற முகம் அது.

நெட்டை தானாகவே மலையிலிருந்து இறங்கி வந்தான். பேரைக் கேட்டதும் நான்தான் என்றான். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேருக்குத் தெரியாத பேரு உனக்கு மட்டும் தெரியுது" என்றார். "வா, பார்த்துட்டு அனுப்பிடுறோம்." அவன் ஜீப்பில் ஏறும்போதும் பழக்கத்தில் குனிந்துதான் ஏறினான். பையன் அழவில்லை. ஜீப் பார்த்த சந்தோஷத்தில் கையாட்டினான்.

சாயங்காலம் என் தம்பி, யாரும் சொல்லாமலே, ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனான். இருட்டுவதற்குள் தனியாகத் திரும்பினான். காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"என்னடா ஆச்சு?"

"உக்காரச் சொன்னாங்க, டீ குடுத்தாங்க. இவன் எங்க தோட்டத்து ஆளுதான் சார், நல்ல ஆளு, நான் பொறுப்புன்னேன். இவன் பேரு என்னன்னாங்க." அவன் தலையைத் தடவிக்கொண்டான். "காலைல அவங்க சொன்ன பேரு எனக்கு மறந்துபோச்சுக்கா. பேரு தெரியாத ஆளுக்கு நீ எப்பிடிப் பொறுப்புன்னு கேட்டாங்க. அதுவும் ஞாயந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னைக் கேட்டாங்க. எங்க பொறந்தன்னு."

"என்ன சொன்ன?"

"கண்டிப் பக்கம்னேன். எழுதிக்கிட்டிருந்தவரு நிமிந்து பார்த்தாருக்கா. காலைல ஆளே கிடையாதுன்னு சொன்னதும் நீதானேன்னாரு. நாளைக்கு உன் பழைய சீட்டையும் எடுத்துட்டு வான்னாரு."

உள்ளே அவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், என் காதில் மட்டும் சொல்லு, சாமி மன்னிக்கும் என்றேன். தம்பியை வெளியே போகச் சொல்லிக் கை காட்டினாள். அவன் போனதும் என் காதருகே வந்து சொன்னாள். மூச்சுத்தான் வந்தது, குரல் இல்லை. இரண்டாவது தடவைதான் எனக்குப் பிடிபட்டது.

வெளியே போய்த் தம்பிக்குச் சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். உள்ளிருந்து அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. மறுபடி சொன்னான். மறுபடி இல்லை. அவன் நாக்கு அந்த நடு எழுத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. "என்னக்கா இது, பாசிக் கல்லுல கால வச்ச மாதிரி வழுக்குது" என்றான். சரியாக வந்தபோது அவள் தலையாட்டலை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.

காலையில் அவன் முதல் பஸ்ஸுக்குப் போனான். கப்பலில் வந்தபோது கொடுத்த எங்கள் குடும்பத்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தான். டீக்கடையில் அவன் நுழைந்ததும் பேச்சு நின்றது. வழக்கமாக அவன் பேச ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். பாய் டீயை வைத்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கூட யாராச்சும் வரட்டுமா?" என்றார். பெஞ்சில் இருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்றான். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது, அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் காம்பராவிலேயே இருந்தாள், நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன். பஸ் முதல் வளைவில் ஒதுங்கி நின்றது. கீழேயிருந்து ஒரு ஜீப்பும் அதன் பின்னால் ஒரு வேனும் ஏறி வந்தன. ஜீப்பில் நெட்டை இருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. வேன் காலியாக இருந்தது. எங்கள் பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டும் வேகத்தைக் குறைத்தன. நான் பையனைத் தூக்கிக்கொண்டு காம்பராவுக்குள் போய், மழைக்கு மட்டும் சாத்துகிற கதவை மழை இல்லாத காலையில் சாத்தினேன்.