மார்க்கெட் கலையும்வரை காத்திருந்த டிக்கெட்

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், ஓசூரில் கேன்டீன், கோவாவில் ஓட்டல் என்று எங்கெங்கோ இருந்திருக்கிறேன். விமானத்தில் மட்டும் ஏறியதில்லை. போன வருஷம் அந்தமானில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை அமைந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். டிக்கெட் என் செலவு.

மாரண்டஹள்ளியில் டிக்கெட் எடுத்துத் தரும் கம்ப்யூட்டர் கடைக்கு என் மனைவியின் தம்பியும் கூட வந்தான். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவன். அவனுக்கு எல்லா விலையும் தக்காளி விலைதான்.

“இப்ப வாங்காதீங்க மாமா. மார்க்கெட் கலையற நேரத்துல பாருங்க, தன்னால எறங்கும். காலி சீட்ட வெச்சிக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? ரோட்டுல கொட்டுவானா?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் விலை ஏறியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறியது.

“வரத்து கம்மிங்க. பொறுங்க,” என்றான்.

சும்மா காத்திருப்பானேன் என்று உடம்பைத் தயார் செய்தோம். தீவில் கொசுக்காய்ச்சல் வரும் என்று மனைவி பை நிறையக் களிம்பு வாங்கி வைத்தாள். கடல் வெயிலுக்கு முன்னால் சூட்டைத் தணிக்க வேண்டும் என்று மைத்துனன் என்னை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போனான். மசாஜ்காரர் எண்ணெய் ஊற்றிப் பரோட்டா மாவு மாதிரி பிசைந்து அருவியில் நிறுத்தினார். சூடு நன்றாகவே தணிந்தது. விடிந்ததும் மூக்கு ஒழுகியது.

“சளியோட ஃப்ளைட் ஏறினா காது அடைச்சிக்கும். தள்ளிப்போட முடியாதா?” என்றார் டாக்டர்.

“வேலை போயிடுங்க.”

மூக்குக்குச் சொட்டு மருந்து தந்தார். இறங்கும்போது எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

சனிக்கிழமை போய்க் கேட்டால், டிக்கெட் விலை முதல்தடவை கேட்டதைப்போல இரண்டு மடங்கு.

“அண்ணா, இருக்கறது ஒரே சீட்டு. இதுவும் போச்சின்னா நீந்தித்தான் போவணும்,” என்றார் கடைக்காரர்.

மைத்துனன் திரையை முறைத்தான். “இவனுங்களுக்கு யாவாரமே தெரியலைங்க மாமா,” என்றவன், ஏறின பணத்தில் பாதியைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தான்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் காதில் கோணி ஊசி இறங்கியது. வாயில் எச்சில் வற்றும்வரை விழுங்கினேன். வெளியே முதலாளி காத்திருந்தார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. காது கேட்காதவனுக்கு யார் வேலை தருவார்? அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் காது பட்டென்று திறந்துகொண்டது. சமையலோடு லாட்ஜ் துணி துவைக்கவும் நான் சம்மதித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தபோது மைத்துனன் போன் செய்தான்.

“வேலை இருக்குதுங்களா மாமா?”

“ரெண்டு இருக்குதுடா.”

“டிக்கெட் இன்னிக்கு எறங்கியிருக்குதுங்க. நீங்க எப்ப திரும்பறீங்க?”

“பொங்கலுக்குத்தான் லீவு.”

“அப்ப வாங்காதீங்க,” என்றான். “இன்னும் எறங்கும்.”